ஒரே கருவாட்டு வாடை: ஒருவருக்கு எச்சில் ஊறுகிறது, இன்னொருவருக்கு ஏன் குமட்டுகிறது?

கேட்டவர் கடலூர் முதுநகர்க்காரர். குடும்பத் தொழில் கருவாடு காயவைத்து விற்பது. மனைவி பண்ருட்டிப் பக்கம் ஒரு சைவ வீட்டிலிருந்து வந்தவர். இப்போது மூன்றாம் மாதம். அடுப்பில் கருவாடு விழுந்தாலே அவருக்கு ஓங்கரிப்பு வருகிறது, கணவருக்கு அதே நொடியில் நாக்கில் நீர் சுரக்கிறது. "மனசு வைத்தால் அடக்கிக்கொள்ளலாம், வேண்டுமென்றே செய்கிறாள்" என்று வீட்டில் பேச்சு எழுந்திருக்கிறது. இது உண்மையா, இந்த ஓங்கரிப்பு எப்போதாவது மாறுமா என்று கேட்கிறார். கூடவே இன்னொரு சந்தேகமும் கேட்டிருக்கிறார்: தெருச் சாக்கடை நாற்றம் வந்த புதிதில் தாங்க முடியவில்லை, பத்து நிமிடத்தில் தெரியவே இல்லை, அப்படியென்றால் உடம்பு பழகிக்கொண்டது, இனிக் கெடுதல் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

புதுச்சேரியில் மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் பாடம் நடத்தியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். உங்கள் மனைவி வேண்டுமென்றே எதுவும் செய்யவில்லை. குமட்டலை வரவழைப்பதும் நிறுத்துவதும் அவர் கையில் இல்லை, எச்சிலை வரவழைப்பது உங்கள் கையில் இல்லாதது போலவே. சாக்கடை விஷயத்தில் நீங்கள் நினைப்பது தவறு, உயிருக்கே ஆபத்தான தவறு. காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மூக்கின் உச்சியில், கூரையை ஒட்டி, சில சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு ஒரு சவ்வு இருக்கிறது. மணத்தை உணரும் நரம்பணுக்கள் அதில்தான் இருக்கின்றன. மனிதருக்கு ஏறத்தாழ 400 வகை மண ஏற்பிகள் உண்டு. கருவாட்டிலிருந்து கிளம்பும் மூலக்கூறுகள் அவற்றில் ஒரு கூட்டத்தைத் தூண்டும், பலாச்சுளையின் மணம் வேறொரு கூட்டத்தைத் தூண்டும். இந்த ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 1991-ல் வெளிப்படுத்தினார்கள். 2004-ல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள்.

அந்த நரம்பணுக்கள் செய்தியை எங்கே கொண்டுபோகின்றன என்பதுதான் உங்கள் கேள்விக்கு முக்கியம். பார்த்தது, கேட்டது, தொட்டது எல்லாம் மூளையின் மேலடுக்கை அடைவதற்கு முன் தலாமஸ் என்ற பகுதியைக் கடந்தாக வேண்டும். மணத்துக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. மூக்குக்கு நேர் மேலே இருக்கும் மணக்குமிழிலிருந்து செய்தி நேராக அமிக்டலாவுக்கும், நினைவைப் பதியவைக்கும் பகுதிகளின் வாசலுக்கும் போகிறது. அமிக்டலா பயத்தையும் அருவருப்பையும் ஆசையையும் எடைபோடும் இடம். அங்கிருந்து ஹைப்போதலாமஸுக்கும் மூளைத் தண்டுக்கும் நரம்புகள் இறங்குகின்றன. இதயத் துடிப்பு, வியர்வை, எச்சில், இரைப்பை அசைவு, மூச்சு ஆகியவற்றை நம்மைக் கேட்காமல் நடத்துவது அந்த இடங்கள்தான். "இது நெத்திலிக் கருவாடு" என்று பெயர் சொல்லும் வேலை மூளையில் நடந்துகொண்டிருக்கும்போதே இரைப்பைக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் உத்தரவு போயிருக்கும்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். நோம் சோபலின் ஆய்வுக் குழு 2003-ல் வெளியிட்ட முடிவு: கெட்ட வாடையை முகர்பவர் உள்ளிழுக்கும் மூச்சு, முகரத் தொடங்கி ஏறத்தாழ 160 மில்லி நொடிக்குள்ளேயே சுருங்கத் தொடங்கிவிடுகிறது. ஒரு நொடியின் ஆறில் ஒரு பங்கு. யோசித்து முடிவெடுக்க அந்த நேரம் போதாது. நல்ல மணம் என்றால் மூச்சு நீளும், கெட்டது என்றால் குறுகும். தூங்குகிறவரிடமும் இது நடக்கிறது. அவர் விழிப்பதில்லை, மூச்சு மட்டும் மாறுகிறது.

சோபலோடு பணியாற்றிய அனத் அர்சி இதே எளிய எதிர்வினையை, கடுமையான மூளைக்காயத்தால் நினைவின்றிக் கிடந்த நோயாளிகளிடம் சோதித்தார். முடிவு 2020-ல் வெளியானது. கண் திறந்திருந்தும் எதற்கும் பதில் தராத நிலையில் இருந்தவர்களில், மூக்கருகே மணத்தைக் காட்டியபோது யாருடைய மூச்சு மாறியதோ, அவர்கள் எல்லோருமே பின்னால் ஓரளவு நினைவு திரும்பியவர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் கையைப் பிடித்தாலும் அசையாத ஒரு மனிதரிடமிருந்து முதல் பதில் மூச்சில் வருகிறது என்பதை ஒவ்வொரு வகுப்பிலும் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். மணத்துக்கு உடம்பு காட்டும் எதிர்வினை மன உறுதி சம்பந்தப்பட்டதல்ல என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது.

மூக்கில் இன்னொரு நரம்பும் வேலை செய்கிறது. முகத்தின் வலியையும் சூட்டையும் தொடுதலையும் சுமக்கும் முப்பெரும் நரம்பின் கிளைகள் மூக்குக்குள்ளும் கண்ணிலும் வாயிலும் பரவியிருக்கின்றன. மிளகாய் தாளிக்கும்போது வீடே இருமுகிறதே, அது மணத்தின் வேலை அல்ல, இந்த நரம்பின் வேலை. மிளகாயிலுள்ள கேப்சாய்சின், நெருப்புச் சூட்டை உணர்கிற ஏற்பியையே தூண்டுகிறது. அந்த ஏற்பியை 1997-ல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் கிடைத்தது. வெங்காயம் நறுக்கும்போது கண் கரிப்பது, புதினா எண்ணெயில் மூக்கு குளிர்வது, கற்பூரத்தின் காரம், துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் அம்மோனியா கசிந்தால் சட்டென்று மூச்சு நின்று கண்ணில் நீர் கொட்டுவது எல்லாம் இந்த வகை. மண உணர்வை முழுக்க இழந்தவருக்கும் அம்மோனியா நெடி ஏறும், தும்மலும் கண்ணீரும் வரும்.

இரண்டு நரம்புக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. முப்பெரும் நரம்பின் எதிர்வினை பிறவியிலேயே இருப்பது. யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை வறுக்கிற இடத்தில் ஆண்டுக்கணக்காக வேலை செய்கிறவருக்கும் அந்தப் புகையில் கண் எரியத்தான் செய்யும். அந்த எரிச்சல் "இங்கிருந்து விலகு" என்று உடம்பு சொல்வது, அதை மதிக்க வேண்டும். மண நரம்பின் எதிர்வினை பெரும்பாலும் கற்றுக்கொண்டது. கருவாடு இந்த இரண்டாவது வகை.

அதற்குப் போகுமுன், இந்தப் பேச்சோடு ஒட்டிய ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வலிப்பு வந்தவர் மூக்கில் வெங்காயத்தை நசுக்கிக் காட்டுவது, செருப்பை முகர வைப்பது, கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது. நம் பக்கத்துப் பேருந்து நிலையங்களில் இன்றும் நடக்கிறது. வலிப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். நிற்கிற நேரத்தில் கையில் எது இருந்ததோ அதற்குப் பெயர் போய்ச் சேர்கிறது. உண்மையில் செய்ய வேண்டியது, தலையில் அடிபடாமல் பார்த்துக்கொண்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல், கடிகாரத்தைப் பார்ப்பது. 5 நிமிடம் தாண்டினாலோ, மறுபடி மறுபடி வந்தாலோ 108-ஐக் கூப்பிட வேண்டும். சாதாரண மயக்கத்துக்கு அம்மோனியா உப்பை முகரக் கொடுக்கும் வழக்கம் வேறு கதை. அது முப்பெரும் நரம்பைச் சுண்டி ஒரு ஆழ்ந்த மூச்சை இழுக்க வைக்கிறது என்பது உண்மை. ஆனால் மயங்கியவருக்கு நினைவைத் திருப்புவது தரையில் படுக்க வைத்துக் காலை உயர்த்துவதால் மூளைக்குத் திரும்பும் ரத்தம்தான்.

இனிக் கருவாடு. மீன் உடலில் டிரைமெத்தில் அமீன் ஆக்சைடு என்று ஒரு பொருள் உண்டு, உப்பு நீரைச் சமாளிக்க அதற்குத் தேவை. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதை டிரைமெத்தில் அமீனாக மாற்றுகின்றன. கவிச்சி வாடை என்று நாம் சொல்வதில் பெரும் பங்கு அது. காரத்தன்மை கொண்ட பொருள் என்பதால் புளியோ எலுமிச்சையோ பட்டால் உப்பாக மாறிக் காற்றில் பறக்காமல் தங்கிவிடும். உங்கள் வீட்டுப் பெண்கள் மீனைப் புளித் தண்ணீரில் அலசுவதற்குப் பின்னால் நல்ல வேதியியல் இருக்கிறது.

இந்த மூலக்கூறு உங்கள் மூக்கிலும் உங்கள் மனைவி மூக்கிலும் ஏறத்தாழ ஒரே ஏற்பிகளைத்தான் தட்டுகிறது. அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பதை அவரவர் வாழ்க்கை எழுதி வைத்திருக்கிறது. உங்களுக்கு அந்த வாடைக்குப் பின்னால் எப்போதும் சோறு வந்திருக்கிறது. பாவ்லோவ் 1904-ல் நோபல் பெற்றது செரிமானத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக. உணவு வாய்க்குள் போகும் முன்பே, அதன் அறிகுறி கிடைத்த உடனே எச்சிலும் இரைப்பை அமிலமும் சுரக்கத் தொடங்குவதை அவர் நாய்களில் காட்டினார். உங்கள் நாக்கில் ஊறும் நீர் அதே ஏற்பாடு. அம்மா சட்டியில் சென்னாங்குன்னி வறுத்த ஒவ்வொரு நாளும் அது உறுதிப்பட்டிருக்கிறது.

நீங்கள் பிறப்பதற்கு முன்பே கூட அது தொடங்கியிருக்கலாம். தாய் சாப்பிடுவதன் மணம் பனிக்குட நீருக்கும் தாய்ப்பாலுக்கும் போகிறது. பிரான்ஸில் 2000-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி நாட்களில் சோம்பு மணமுள்ள மிட்டாய் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகள், பிறந்த சில மணி நேரத்தில் சோம்பு மணத்தை நோக்கித் தலையைத் திருப்பின. சாப்பிடாதவர்களின் குழந்தைகள் அப்படித் திரும்பவில்லை. ஜூலி மென்னெல்லா 2001-ல் வெளியிட்ட ஆய்வில், தாய் கேரட் சாறு குடித்து வந்திருந்தால் குழந்தை பிற்பாடு கேரட் கலந்த கூழை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டது. கரையோரத்துப் பிள்ளை மீன் வாடையோடு பிறக்கிறது என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வதில் உண்மை இருக்கிறது. உங்கள் மனைவி வேறு வாடைகளோடு பிறந்து வளர்ந்தவர். ஆனி மாதத்தில் பலாப்பழம் குவிந்து கிடக்கும் கூடம் அவருக்கு வீடு. உங்கள் அம்மாவுக்கு அதே மணத்தில் தலை வலிக்கக்கூடும். அதற்காக உங்கள் அம்மாவை யாரும் நடிப்பவர் என்று சொல்லமாட்டார்கள்.

இதற்கு மேல் மசக்கை. கர்ப்ப காலத்துக் குமட்டல் வெறும் மனநிலை என்று சொல்லி எத்தனையோ தலைமுறைப் பெண்களை நோகடித்திருக்கிறோம். 2023 டிசம்பரில் கேம்பிரிட்ஜ் குழுவும் அமெரிக்காவின் மர்லீனா ஃபெய்சோவும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன் கருவின் பக்கத்திலிருந்து தாயின் ரத்தத்துக்கு வந்து, மூளைத் தண்டில் குமட்டலை நடத்தும் இடத்தைத் தூண்டுகிறது. கர்ப்பத்துக்கு முன் யாருடைய ரத்தத்தில் அது குறைவாக இருந்ததோ, அவர்களுக்குத் திடீர் ஏற்றம் கடுமையாகப் படுகிறது. பீட்டா தலசீமியா உள்ள பெண்களுக்கு எப்போதுமே அந்த ஹார்மோன் அதிகம். அவர்களுக்கு மசக்கை குறைவு என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஆகக் குமட்டலின் வாசலில் ஏற்கெனவே கொண்டுவந்து நிறுத்தப்பட்ட ஒரு உடம்பின் மீது கருவாட்டு வாடை விழுகிறது. இதில் மனசு வைக்க இடமே இல்லை. வீட்டில் இதை உங்கள் வாயால் நீங்களே சொல்லுங்கள். மருமகள் சொன்னால் எடுபடாது.

குமட்டல் வேறு எந்தப் பாடத்தையும் விட வேகமாக உடம்பில் பதியும். ஜான் கார்சியா 1955-ல் எலிகளுக்கு இனிப்பு நீரைக் கொடுத்துக் கதிர்வீச்சால் நோயுறச் செய்தார். அதற்குப் பிறகு அவை அந்த நீரை ஒதுக்கின. பிற்பாடு நடந்த சோதனைகளில், ஒரே ஒரு முறை போதும் என்பதும், உண்டதற்கும் நோயுற்றதற்கும் இடையே சில மணி நேரம் இருந்தாலும் உடம்பு இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடும் என்பதும் உறுதியாயின. மணி ஓசைக்கும் விளக்குக்கும் இப்படி நடப்பதில்லை, வாய் ருசிக்கும் அதோடு வரும் மணத்துக்கும்தான் இந்தச் சலுகை. விஷத்தை ஒரு தரம் தின்று பிழைத்த உயிரி இரண்டாம் தரம் தின்னாமலிருக்க இயற்கை செய்த ஏற்பாடு.

இதன் மிகத் துயரமான முகத்தைப் புற்றுநோய்ப் பிரிவுகளில் பார்க்கலாம். விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர் என்று எங்கெங்கிருந்தோ கீமோ சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு வருகிறார்கள். சில சுற்று முடிந்த பிறகு சிலருக்கு மருந்து ஏறும் முன்பே வாந்தி வந்துவிடும். வார்டின் ஸ்பிரிட் வாடை, கிருமிநாசினி வாடை போதும். சிலருக்குப் பேருந்து, ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டை நெருங்கும்போதே தொடங்கும். இதற்கு முன்கூட்டிய குமட்டல் என்று பெயர் உண்டு, சிகிச்சையும் உண்டு. உடன் வருகிறவர்கள் "இன்னும் ஊசியே போடலையே, பயப்படாதே" என்று அதட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அது பயமல்ல, உடம்பு கற்ற பாடம். முதல் சுற்றிலேயே வாந்தியை நன்றாகக் கட்டுப்படுத்தினால் பாடம் பதியாது என்பதால், குமட்டலை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மருந்தேறும் நாளில் அவருக்கு மிகவும் பிடித்த உணவைக் கொடுக்காதீர்கள், அதன் மீதே வாழ்நாள் வெறுப்பு வந்துவிடக்கூடும்.

அச்சமும் இதே வழியில் ஒட்டிக்கொள்கிறது. சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினம் பக்கம் மீட்பு வேலை செய்த ஒருவர், பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தால் இன்றும் நெஞ்சு படபடக்கிறது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் எதையும் நினைத்துப் பார்ப்பதற்கு முன்பே படபடப்பு வந்துவிடுகிறது, நினைவு அதற்குப் பின்னால் வருகிறது.

எதிர்பார்ப்பும் இதில் புகுந்து விளையாடும். அமெரிக்காவில் எட்வின் ஸ்லாசன் என்ற வேதியியல் ஆசிரியர் 1899-ல் எழுதியது இது: வகுப்பில் ஒரு பஞ்சில் வாலை வடித்த வெறும் தண்ணீரை ஊற்றிவிட்டு, புது மணம் வரும், உணர்ந்ததும் கை தூக்குங்கள் என்றார். சிறிது நேரத்தில் முன் வரிசை முழுக்கக் கைகள். முக்கால்வாசிப் பேர் மணம் வந்ததாகச் சொன்னார்கள், சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாமல் எழுந்துபோகவே பார்த்தார்கள். ரேச்சல் ஹெர்ஸ் 2001-ல் வெளியிட்ட சோதனையில், ஒரே அமிலக் கலவையை ஒரு முறை பாலாடைக்கட்டி என்றும் இன்னொரு முறை வாந்தி என்றும் சொல்லி முகரக் கொடுத்தார். பெயர் மாறியதும் பிடித்தது பிடிக்காமல் போனது.

இந்த ஆய்வுகளை வைத்துக்கொண்டு, தொழிற்சாலை நாற்றத்தைப் பற்றிப் புகார் சொல்கிறவர்களிடம் "எல்லாம் உங்கள் கற்பனை" என்று சொல்பவர்களும் உண்டு. அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு, சோனஞ்சாவடி மக்கள் பல ஆண்டுகளாகத் தலைவலி, கண்ணெரிச்சல், மூச்சுத் திணறல் என்று சொல்லிவந்தார்கள். 2004-ல் ஊர்க்காரர்களே சமுதாயக் கண்காணிப்பாளர்களாகச் சேர்ந்து, எந்த நாளில் எந்த நேரத்தில் எந்தத் திசைக் காற்றில் என்ன நாற்றம் என்று குறித்து வைக்கக் கற்றுக்கொண்டார்கள். பக்கெட்டுக்குள் பையைப் பொருத்திக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை உட்படப் பல நச்சு வேதிப்பொருட்கள் அந்தக் காற்றில் இருந்தன. அந்த ஊர்களின் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருந்தது. எதிர்பார்ப்பு ஒரு எதிர்வினையைக் கூட்டவோ குறைக்கவோ முடியும் என்பதற்காக, எதிர்வினை வந்த இடத்தில் காரணமே இல்லை என்று ஆகிவிடாது. காற்றை அளந்து பார்த்த பிறகுதான் அதைச் சொல்ல முடியும்.

இனிச் சாக்கடை. ஒரு மணம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் ஏற்பிகளும் மூளையும் அதற்குப் பதில் தருவதைக் குறைத்துக்கொள்ளும். புது மணம் வந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக இருக்கும் ஏற்பாடு இது. மீன்கூடத்தில் நிற்பவருக்குக் கவிச்சி தெரியாது. இதனால் நுரையீரலோ ரத்தமோ எதற்கும் பழகிவிடுவதில்லை. தெரிவது மட்டும்தான் நிற்கிறது, உள்ளே போவது போய்க்கொண்டே இருக்கிறது.

சாக்கடையில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு இன்னும் மோசமானது. அழுகிய முட்டை வாடை அடிப்பது இதுதான். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் மிகக் குறைவாக இருக்கும்போதே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கை எட்டினால் சில நிமிடங்களில் மண நரம்பே செயலிழக்கிறது. வாடை மறைந்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கிற அந்த நேரத்தில் வாயு கூடிக்கொண்டிருக்கலாம். 500-க்கு மேல் போனால் நினைவிழப்பு, 700, 1000 என்று போனால் ஓரிரு மூச்சிலேயே சாய்ந்துவிடுவார்கள். மேன்ஹோலில் இறங்கியவர் விழ, காப்பாற்ற இறங்கியவரும் விழ, மூன்றாமவரும் விழுவது இதனால்தான்.

2024 ஜூனில் புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாளச் சாக்கடையின் நச்சு வாயு வீட்டுக் கழிவறை வழியாகவே மேலே வந்து, ஒரு பள்ளி மாணவி உட்பட மூன்று பெண்கள் இறந்தார்கள். அவர்கள் மேன்ஹோலில் இறங்கவில்லை, தங்கள் வீட்டுக் கழிவறைக்குப் போனார்கள், அவ்வளவுதான். அந்தச் சாவுகளை நினைக்காமல் இந்தப் பதிலை என்னால் எழுத முடியவில்லை. உங்கள் வீட்டிலும் கழிவறைக் கோப்பையின் வளைவிலும் குளியலறை வடிகாலிலும் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கிறதா என்று பாருங்கள். வாயுவைத் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். பல நாள் புழங்காத கழிவறையில் அது வற்றிப் போயிருக்கும். முட்டை நாற்றம் வீட்டுக்குள் அடித்தால் ஜன்னலைத் திறந்து எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். வாடை குறைந்ததென்று திரும்பிப் போகாதீர்கள். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்திருந்தால் மூச்சுக் கருவி இல்லாமல் பின்னாலேயே ஓடாதீர்கள், 101-ஐக் கூப்பிடுங்கள்.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேரி கார்ஸ்காடனும் ரேச்சல் ஹெர்ஸும் 2004-ல் வெளியிட்ட சோதனையில், தூங்குகிறவர்களுக்குப் புதினா மணத்தையும் பிரிடீன் என்ற கடும் நாற்றத்தையும் காட்டினார்கள். ஆழ்ந்த தூக்கத்தில் யாரும் விழிக்கவில்லை. ஒலி எழுப்பியதும் விழித்தார்கள். மூச்சு மாறும் என்று மேலே சொன்னேனே, அது மட்டும்தான் நடக்கும். கேஸ் சிலிண்டரில் கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே நாற்றமுள்ள மெர்காப்டனைச் சேர்க்கிறார்கள், ஆனால் அது விழித்திருப்பவருக்குத்தான் உதவும். இரவில் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மல்லிகை, லாவெண்டர், ஊதுபத்தி மனதை அமைதிப்படுத்துமா என்று பலர் கேட்பதுண்டு. சிறிய அளவில் உண்மை இருக்கிறது. இனிய மணத்தில் மூச்சு நீள்கிறது, நீண்ட மூச்சில் இதயத் துடிப்பு தணிகிறது. நோய் தீரும் என்று சொல்லி விற்பவற்றை நம்ப வேண்டாம். ஆஸ்துமாவோ ஒற்றைத் தலைவலியோ உள்ளவர் இருக்கும் வீட்டில் சாம்பிராணிப் புகையைத் தவிர்ப்பது நல்லது.

குமட்டலுக்கு மணத்தாலேயே ஓரளவு மருந்து செய்யலாம் என்பதற்குச் சான்று உண்டு. அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த சோதனைகளில், ஊசி போடும் முன் துடைக்கும் ஐசோபுரோப்பைல் ஸ்பிரிட் பஞ்சை முகர்ந்தவர்களுக்கு, உப்பு நீர்ப் பஞ்சை முகர்ந்தவர்களை விடக் குமட்டல் தணிந்தது. ஆனால் அந்தச் சோதனைகள் கர்ப்பிணிகளுக்காக நடந்தவை அல்ல. அவர்களுக்கு எலுமிச்சை போதும்: ஈரானில் கர்ப்பிணிகளிடம் நடந்து 2014-ல் வெளிவந்த சோதனையில் எலுமிச்சை மணம் குமட்டலைக் குறைத்தது. மலையேறும் பேருந்தில் எலுமிச்சையைக் கையில் வைத்துக்கொள்ளும் நம் வழக்கத்துக்கும் இது பொருந்தும்.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். கருவாட்டுத் தொழிலை நிறுத்த முடியாது, தெரியும். வறுப்பதைச் சில வாரங்களுக்கு வீட்டுக்கு வெளியே, காற்று வீட்டை விட்டு விலகிப் போகும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சூடான உணவிலிருந்து மூலக்கூறுகள் அதிகம் பறக்கும், ஆறியதிலிருந்து குறைவாகவே பறக்கும். அவருக்குத் தயிர்சோறு போல ஆறிய உணவைச் சிறுகச் சிறுகக் கொடுங்கள். வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும். "ஒரு வாய் தின்று பார், பழகிவிடும்" என்று இந்த மாதங்களில் யாரும் வற்புறுத்தக் கூடாது. குமட்டலோடு சேர்த்து ஊட்டப்படும் ஒவ்வொரு கவளமும் வெறுப்பைத்தான் ஆழப்படுத்தும், கார்சியாவின் எலிகளுக்கு நடந்தது அதுதான். தண்ணீர் கூடத் தங்காமல் வாந்தியெடுத்தாலோ, சிறுநீர் அடர் நிறத்தில் குறைவாகப் போனாலோ, எடை இறங்கினாலோ மசக்கைதானே என்று இருந்துவிடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பான வாந்தி மருந்துகள் இருக்கின்றன.

இது மாறுமா என்று கேட்டிருந்தீர்கள். மசக்கையின் பங்கு பெரும்பாலோருக்கு நான்காம், ஐந்தாம் மாதத்துக்குள் தணிந்துவிடும். வளர்ப்பால் வந்த பங்கு மெதுவாக மாறலாம். குமட்டல் இல்லாத காலத்தில், அவராக விரும்பும்போது, தூரத்திலிருந்து கொஞ்சமாக வாடை வந்து, அதன் பின் கெட்டது எதுவும் நடக்காமல் இருந்தால் உடம்பு பழைய பாடத்தின் மேல் புதியது ஒன்றை எழுதிக்கொள்ளும். கடைசி வரை மாறாமலும் போகலாம். அப்படியானால் சமையலறையில் அவருக்கென்று தனிச் சட்டி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.